ஓடைக்கரைக் கருணை

தண்ணீர் இல்லாத ஊரில் பிறந்த பெண்ணைத் தண்ணீர் ஓடும் ஊரில் கட்டிக்கொடுத்தால், அவள் கொடுத்து வைத்தவள் என்பார்கள். அப்படி ஒருத்தி வந்து சேரும் வீட்டின் கதி என்ன என்று யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த ஒருத்தி நான்தான்.

எனக்குச் சொந்த ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். வானம் பார்த்த பூமி. எங்கள் வீட்டின் பின்னால் ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. நாங்கள் குளிக்கும் தண்ணீர்தான் அதற்கும். வீட்டில் யார் குளித்தார்கள், யார் குளிக்காமல் ஏமாற்றினார்கள் என்று அந்தச் செடியைப் பார்த்தே எங்கம்மா சொல்லிவிடும். அங்கிருந்து எழுபதுகளின் நடுவில் அனுமந்தன்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் வாய்க்கால். அதில் மலையடி லோயர் கேம்ப்பிலிருந்து இறங்கி வரும் பெரியாற்றுத் தண்ணீர் யாருக்கும் பயப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. முதல் முறை பார்த்தபோது, இவ்வளவு தண்ணீரையும் யாராவது மூடி வைக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறுவீடு போய்த் திரும்பிய கையோடு மண்வெட்டியைத் தூக்கிவிட்டேன். கத்தரி, வெண்டை, அவரை, பீர்க்கு, மாட்டுக்கொட்டில் கூரை மேல் பூசணி, கிணற்றடியில் சேம்பு, வேலியோரம் பிடிகருணை. குச்சியை நட்டால்கூடத் துளிர்க்கிற மண். (ஒருமுறை கொடி கட்ட நட்ட முருங்கைக் கம்பே தழைத்து, அதில் துணி காயப்போட முடியாமல் போனது.) தோட்டம் போதாதென்று வரப்பு, வாய்க்கால் கரை, கோயில் பின்புறம் என்று எங்கே பச்சை தெரிந்தாலும் மடியை விரித்துக்கொண்டு போய்விடுவேன். தூதுவளை, முடக்கத்தான், மணத்தக்காளி. என் வீட்டுக்காரர் பாண்டி என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து எங்கே கூட்டிப்போனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. வழியில் ஒரு சுண்டைச் செடி கண்ணில் பட்டால் நான் குதித்துவிடுவேன்.

பறித்ததைத் தின்று தீர்க்க முடியுமா? காயவைத்தேன். சுண்டை வத்தல், கொத்தவரை வத்தல், பாகல் வத்தல், மோர் மிளகாய், மாங்காய், எலுமிச்சை. மொட்டைமாடி முழுக்கப் பழைய சேலைகளை விரித்து அவற்றின் மேல் காய்கள். ஒருநாள் என் மாமனார் வேட்டியைக் காயப்போட மாடி ஏறியவர், அடுத்த கால் வைக்க இடமில்லாமல் கடைசிப் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஈர வேட்டியோடு இறங்கி வந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மாமியார் அவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

"இவ கண்ணு முன்னாடி ரொம்ப நேரம் அசையாம உக்காராதீக" என்றார் மாமனாரிடம். "மோர்ல ஊறப்போட்டுக் காயவச்சிருவா."

அந்த வீட்டில் எல்லாம் விளைந்தது. பேச்சு மட்டும் ஒரு பக்கம் வறண்டு கிடந்தது. எங்கள் வீட்டை ஒட்டி, ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு இருந்தது மாமனாரின் தம்பி தங்கவேல் வீடு. எனக்குச் சின்ன மாமா முறை. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் வயலில் ஒரு பொதுக் கிணறு. மோட்டார் போடும் முறையில் ஒரு கோடையில் தகராறு வந்து, ஒருவர் நாற்று கருகியதற்கு மற்றவர் காரணம் என்றாகி, சொல்லக் கூடாத சொல்லெல்லாம் சொல்லிக்கொண்டு, அதோடு பேச்சு நின்றுபோயிற்று. நான் வருவதற்கு வெகு காலம் முன்னால் நடந்தது. நான் அறிந்த சின்ன மாமா என்பது சுவருக்கு மேலே தெரியும் ஒரு தலைப்பாகைத் துண்டும், விடியற்காலை இருமலும்தான். அவர் இருமல் இரண்டு நாள் கேட்கவில்லை என்றால் மாமனார் சாப்பாட்டில் கை வைத்தபடி சுவரைப் பார்ப்பார். ஆனால் ஏன் என்று கேட்டு ஆள் அனுப்ப மாட்டார்.

அந்த ஆவணியில் சின்ன மாமாவின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெரியப்பா இல்லாமல் எப்படி முகூர்த்தம் நடத்துவீர்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டுவிட்டார்களாம். புதன்கிழமை தம்பியும் அவர் மனைவியும் தாம்பூலத் தட்டோடு அழைக்க வருகிறார்கள் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மாமியார் அன்றைக்கே வாசலுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். பிறகு அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேலிப் பேச்செல்லாம் எங்கோ போயிருந்தது.

"அவுக வந்ததும் தட்ட நீட்ட விட்டுறக் கூடாதுத்தா. மொதல்ல சோத்துல கை நனைக்கணும். நம்ம வீட்டுச் சோத்தத் தின்னுட்டு அப்பறம் அழைக்கட்டும். அப்பத்தான் அது ஒட்டும். அவருக்குக் கருணைக்கெழங்கு மசியல்னா உசுரு. நான் கல்யாணமாகி வந்த புதுசுல, அண்ணி கையால மசியல்னு சட்டியோட உக்காந்துருவாரு."

"வச்சிருவோம்த்தை" என்றேன்.

"எதவச்சு வைக்க? போன தையில வாங்கிப் போட்டது எல்லாம் தீந்துபோச்சு. உத்தமபாளையத்துலயும் இல்லையாம், சின்னமனூர்லயும் இல்லையாம்."

"நம்ம தோட்டத்துல இருக்குத்தை."

இந்த இடத்தில் என் இளமைக்காலத்து முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊரில் எந்தக் கடையிலும் இல்லாத பொருள் என் வேலியோரம் இருக்கிறது. மாமியார் என் தலையைத் தடவினார். அந்த வீட்டில் அவர் என் தலையைத் தடவியது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை காலை வேலியோரம் தோண்டினேன். இலை குடை மாதிரி விரிந்து நின்றது. அடியில் இருந்தது கட்டைவிரல் அளவு கிழங்கு. எல்லாச் செடியையும் பிடுங்கியும் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. இலை வாடிச் சாய்ந்த பிறகுதான் கிழங்கு முற்றும் என்பது எனக்குத் தெரியாது. ஆண்டிபட்டியில் கிழங்கு என்பது சந்தையில் விளைவது.

மாமியாரிடம் போய் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தடவிய தலை. அப்போதுதான் மேற்கே மலையடிவாரத்து ஓடைக்கரை ஞாபகத்துக்கு வந்தது. சுள்ளி பொறுக்கப் போனபோது அங்கே இதே இலையை, இதைவிடப் பெரிதாகப் பார்த்திருந்தேன். மதியம் பாண்டியைச் சைக்கிளை எடுக்கச் சொன்னேன்.

தண்டு பாம்புத்தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. தோண்டினால் ஒவ்வொன்றும் தேங்காய் அளவு.

"இது நம்ம கருணைதானா?" என்றார் பாண்டி.

"எலையப் பாருங்க."

"எல ஒண்ணுதான். ஆனா..."

"ஆனா என்னங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார். கல்யாணமாகி ஒரு வருடம் முடியாத கணவர்களுக்கு அதுதான் பதில்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு இரண்டு கையும் அரித்தது. செவ்வெறும்பு கடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். (எறும்பு ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் எறும்பின் மேல்தான் பழி.)

கருணைக்கிழங்கைத் தோண்டியவுடன் தின்னக் கூடாது. மாசக்கணக்கில் காற்றாடப் போட்டு, பழசாக்கி, அதன்பிறகும் புளி நிறைய விட்டுத்தான் சமைப்பார்கள். இல்லாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரித்துத் தடிக்கும். தோட்டத்துக் கிழங்குக்கே அப்படி. இது யாரும் நடாமல் காட்டில் தானாக முற்றிய கிழங்கு. கண்ணில் பட்ட காய்களையெல்லாம் காயவைத்த நான், காயவைத்தே தீரவேண்டிய அந்த ஒன்றைக் காயவைக்கவில்லை.

புதன்கிழமை மாமியார் சாம்பாரிலும் பாயசத்திலும் முனைந்திருந்தார். நான் சட்டியில் வேகவைத்ததை எட்டிப் பார்த்து, "பெருசால்ல வெளஞ்சிருக்கு" என்றார். "நம்ம மண்ணுத்தை" என்றேன். உப்புப் பார்க்கலாமென்று கரண்டியை எடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். அன்றைக்கு விருந்தாளி வாய் வைப்பதற்கு முன்னால் வீட்டார் யாரும் எதையும் ருசி பார்க்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. வாசனை நன்றாக இருந்தது. பூண்டு நிறையத் தட்டிப் போட்டிருந்தேன்.

அவர்கள் வந்தார்கள். பக்கத்து வீடுதான். இருந்தாலும் சின்ன மாமா வெள்ளை வேட்டி சட்டை போட்டு, சின்னத்தை பட்டுச்சேலை கட்டி, தெருவில் இறங்கி, சுற்றி நடந்து வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். மாமனார் எழுந்து, "வா" என்றார்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"அங்கன மழ எப்படி?" என்று கேட்டார் மாமனார்.

"பரவால்லண்ணே. இங்கன எப்படி?"

"இங்கனயும் பரவால்ல."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரி அது இல்லை. மாமியார் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "மொதல்ல எல போடுறேன், தட்டு அப்பறம்" என்றார்.

ஆண்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டோம். பாண்டி பரிமாறினார். சின்ன மாமா மசியலைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"மறக்கலையா அண்ணி" என்றார்.

"எப்படி மறப்பேன்?" என்றார் மாமியார்.

அவர் முதலில் மசியலைத்தான் பிசைந்தார். பெரிய கவளம். இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார். தம்பி தின்பதைப் பார்த்து, கருணைக்கிழங்கே பிடிக்காத மாமனாரும் போடச் சொல்லிச் சாப்பிட்டார். பிறகு கையை இலையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு நாளாகத் தனியாக உதட்டை அசைத்துக்கொண்டு திரிந்தது இதற்காகத்தான்.

"தங்கவேலு" என்றார். "அன்னிக்குக் கெணத்தடியில நான்..."

அதோடு நிறுத்திவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. சின்ன மாமாவும் அண்ணனைப் பார்த்தார். அவர் கண்ணிலும் தண்ணீர். வாயைத் திறந்து மூடினார். ஒரு சொல் வரவில்லை. மாமியார் விசும்பினார். சின்னத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கையால் வைத்த மசியல் இத்தனை வருடப் பகையைக் கரைத்துவிட்டதே என்று அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். இதைவிடப் பெருமையான ஒரு நிமிடம் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

பிறகு சின்ன மாமா இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்தார்.

உதடு தடித்திருந்தது. மாமனார் எழ முயன்று, இலையிலேயே கையை ஊன்றி இருமினார். மூச்சு விசில் மாதிரி வந்தது. தண்ணீர் என்று சாடை காட்டினார். குடித்ததும் இன்னும் மோசமானது.

சின்னத்தை எழுந்து நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகக் கேட்டார்.

"என்னத்தப் போட்டீக?"

இலையில் மிச்சமிருந்த மசியலைப் பார்த்தார்.

"இத்தன வருசம் கழிச்சு வீட்டுக்குக் கூப்புட்டு, சோத்துலயா?"

அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. ஆனால் வீடு முழுக்க அது நின்றது. மாமியார் முகம் செத்துப்போயிற்று. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் முந்தின நாள் கை அரித்தது ஏனென்று புரிந்தது.

சட்டியை எடுத்துக்கொண்டு வந்து சின்னத்தை முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "இது நான் ஓடைக்கரையில தோண்டுன கெழங்கு சின்னத்தை. அரிக்குது, அம்புட்டுத்தான். வெசமில்ல. பாருங்க" என்று சொல்லிவிட்டு, சோறுகூட இல்லாமல் வெறும் மசியலை அள்ளி அள்ளித் தின்றேன். முதல் வாய் ருசியாகத்தான் இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அடுத்த வாயில் நாக்கில் ஆயிரம் ஊசி இறங்கியது. அப்புறம் தொண்டைக்குள் யாரோ சணல் கயிற்றை இழுத்த மாதிரி இருந்தது. நிறுத்தவில்லை.

பாண்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும் சட்டிக்குள் கையை விட்டார். எங்கள் ஐம்பது வருடத்து இல்லறத்தில் அவர் என்னிடம் காதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தக் கை போதும்.

சின்னத்தை எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து சட்டியைப் பிடுங்கினார்.

"போதும்த்தா" என்றார். "நிறுத்து. அக்கா, மோர் இருக்கா?"

வாய் வீங்காத ஆட்கள் அந்த வீட்டில் அந்த இரண்டு பெண்கள்தான். ஒருவர் மோரைக் கடைந்து ஊற்ற, ஒருவர் புளியை உருட்டி எங்கள் நான்கு பேர் வாயிலும் திணித்தார். அக்கா, உப்பு எங்கன இருக்கு, அந்தப் பக்கம் மேல, இது காலி, அதுக்குப் பின்னாடி பாரு என்று அடுப்படியில் அவர்கள் பேசிக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. மாமனாரின் மூச்சுத்தான் எல்லோரையும் பயமுறுத்தியது. தெருவில் போனவர் ஒருவர் சைக்கிளில் விரைந்து கம்பவுண்டரைக் கூட்டி வந்தார். அவர் வருவதற்குள் நான் கும்பிடாத சாமி இல்லை. மாமனாருக்கு ஏதாவது ஆகியிருந்தால் இதை நகைச்சுவையாக எழுத இன்றைக்கு நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கம்பவுண்டர் ஊசி போட்டார். அடுப்படியில் கிடந்த தோலை எடுத்துப் பார்த்தார்.

"இதப் பன்னிகூட மோந்து பாத்து யோசிச்சுட்டுத்தான் திங்கும்" என்றார். "வீக்கம் வத்துற வரைக்கும் யாரும் பேசப்படாது. ஒரு வார்த்த பேசப்படாது."

வருடக்கணக்கில் பேசாமல் இருந்த இரண்டு பேருக்கு அவர் சொன்ன வைத்தியம் அது.

ஒரே பாயில் அண்ணனும் தம்பியும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இருவர் வாயும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. வெயில் இறங்கியது. மாமனாரின் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. ரொம்ப நேரம் கழித்துச் சின்ன மாமா எழுந்தார். ஓரமாக வைத்திருந்த தாம்பூலத் தட்டைத் தானே எடுத்து வந்து அண்ணன் முன்னால் நின்றார். என் மகளுக்குக் கல்யாணம், நீங்கள் வந்து நடத்திக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டிய இடம். சொல்ல முடியவில்லை. தட்டை நீட்டியபடி நின்றார். மாமனார் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து மறுபடி பாயில் உட்காரவைத்தார். பிடித்த கையை விடவில்லை.

கிணற்றடியில் நடந்ததைப் பற்றி அவர் சொல்ல வந்தது என்னவோ, அது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. வீக்கம் வற்றிய பிறகும் அதை அவர் சொல்லவில்லை. தம்பியும் கேட்கவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் வாயைத் திறந்திருந்தால் மோட்டாரை முதலில் நிறுத்தியது யார் என்பதில் வந்து நின்றிருக்கும் என்பது மாமியாரின் கணிப்பு. கல்யாணத்துக்குப் பிறகு கிணற்றுத் தகராறு மறுபடி வந்தது. ஆனால் பேசித்தான் சண்டை போட்டார்கள். திட்டிவிட்டு, இருவரும் ஒரே சொம்பில் தண்ணீர் குடிப்பார்கள்.

அந்தக் கல்யாணத்தில் சமையல்காரரிடம் சின்ன மாமா என்னைக் கைகாட்டி, இந்தப் பிள்ளையைப் பந்தல் பக்கம் எங்கே வேண்டுமானாலும் விடு, அடுப்புப் பக்கம் மட்டும் விடாதே என்று சொல்லி வைத்திருந்தார். "அண்ணே, ஒன் மருமக கருண எங்களுக்குத் தாங்காதுண்ணே" என்று தாலி கட்டும் நேரத்தில் சொன்னார். மாமனார் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அதிலிருந்து சொந்தத்துக்குள் எனக்குக் கருணை என்றே பெயர் விழுந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள், எவ்வளவு இரக்க குணம் இருந்தால் இப்படிப் பெயர் வைப்பார்கள் என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். நான் திருத்துவதில்லை.

எங்கள் வகையறாவில் எந்த வீட்டில் யார் சண்டை போட்டாலும், யாராவது ஒருவர், "கருணையக் கூப்புட்டு மசியல் வைக்கச் சொல்லவா?" என்று கேட்பார். புருசன் பெண்டாட்டியோ, சம்பந்தி சம்பந்தியோ, அதைக் கேட்டதும் சிரித்துவிடுவார்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

மாமனார் போய்விட்டார். சின்ன மாமாவும் போய்விட்டார். போன மாதம் என் இரண்டு மகன்களுக்குள் வீட்டுப் பாகத்தில் பேச்சு முற்றி, சின்னவன் இந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். பெரியவன் அவன் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். யாரும் வந்து அந்த வேடிக்கைப் பேச்சைச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

நேற்று மூத்த மருமகள் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முறத்தை இழுத்து வைத்து வெங்காயம் உரித்தாள்.

"அத்தை, அந்தக் கெழங்கு ஓடைக்கரையில எங்கன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை.

"மேக்கால, பாறைக்கு அந்தப் பக்கம்" என்றேன். "கையில நல்லெண்ணெய் தடவிக்கிட்டுத் தோண்டுத்தா. அரிக்கும்."